குறித்த டேக் மறைவதும் தமிழ்க் கடிதங்கள் தேடலில் சிக்காததும்

கேள்வி: பாரிமுனையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவில் நடக்கும் ஒரு வழக்கில், அம்பத்தூரில் உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் கட்சிக்காரர் பிரதிவாதி. சரக்கைத் தாமதமாக அனுப்பியதால் நட்டம் ஏற்பட்டது என்பது வாதியின் வழக்கு. கட்சிக்காரர் கொடுத்த மின்னஞ்சல்கள், எக்செல் தாள்கள், ஸ்கேன் செய்த கடிதங்கள் அனைத்தையும் மாதக் கட்டணத்தில் எடுத்த இணைய வழி ஆவண ஆய்வு மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். 22,000-க்கு மேல் கோப்புகள் கொடுத்தோம். திரையில் 16,000 சொச்சம்தான் காட்டுகிறது. நேற்று மாலை நான் போட்ட 'தொடர்புடையது' என்ற டேக் இன்று காலை பல ஆவணங்களில் இல்லை. தமிழில் தேடினால் ஏறக்குறைய எதுவும் வருவதில்லை. ஆனால் ஆவணத்தைத் திறந்தால் தமிழ் நன்றாகவே தெரிகிறது. சில மின்னஞ்சல்களின் தேதி ஒரு நாள் முந்தியிருக்கிறது. பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. உதவி மையத்தில் கேட்டால், கேஷை (பிரவுசர் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழித்துப் பாருங்கள் என்பதற்கு மேல் பதில் இல்லை. சீனியரோ எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணியில் அமர்ந்து, அமெரிக்க வழக்குகளுக்கான ஆவணங்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு சங்கடத்தையும் நானும் பட்டிருக்கிறேன். உதவி மையத்தின் பதிலும் எனக்குப் பழக்கமானதே. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதைப் போல, எதற்கெடுத்தாலும் கேஷை அழிக்கச் சொல்வார்கள். உங்களுடைய ஐந்து குறைகளில் அந்த மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஐந்தில் மிகச் சிறியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையில் நீங்கள் பார்ப்பது ஆவணம் அன்று. இவ்வகை மென்பொருள்கள் ஒவ்வோர் ஆவணத்தையும் நான்கு உருவங்களில் வைத்திருக்கின்றன. கட்சிக்காரர் கொடுத்த அசல் மின்கோப்பு ஒன்று. நீங்கள் கண்ணால் படிப்பதற்காக அதிலிருந்து உருவாக்கப்பட்ட காட்சி ஒன்று. தேடுவதற்காகப் பிரித்தெடுக்கப்பட்ட வெறும் எழுத்துகள் ஒன்று. அனுப்பியவர், பெற்றவர், தேதி, கோப்பின் பெயர் முதலிய விவரங்களும் நீங்கள் போடும் டேக்குகளும் அடங்கிய அட்டவணை வரி ஒன்று. நீங்கள் படிப்பது காட்சியை. தேடுபொறி படிப்பது எழுத்துகளை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. ஆகவே ஒரு கோளாறு நேர்ந்ததும், அது இந்த நான்கில் எதில் நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டேக் மறைந்த செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; உங்கள் உழைப்பு வீணாவது அங்கேதான். டேக் இல்லாத ஓர் ஆவணத்தைத் திறந்து, அதன் வரலாற்றுப் பதிவைப் பாருங்கள். ஆய்வுக்காகவே செய்யப்பட்ட மென்பொருள்களில் இது பெரும்பாலும் இருக்கும்; யார், எந்த நேரத்தில், எந்த டேக்கைச் சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது அதில் வரிவரியாகப் பதிவாகியிருக்கும். உங்கள் கணக்கில் அந்தப் பகுதி தெரியாவிட்டால், நிர்வாகி உரிமை உள்ளவரிடம் கேட்டு வாங்குங்கள். அங்கே இரண்டில் ஒன்றைக் காண்பீர்கள். நேற்று மாலை உங்கள் பெயரில் டேக் சேர்ந்ததாகவும், பின்னர் நீங்கியதாகவும் இருக்கலாம். அல்லது உங்கள் பெயரில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம்.

முதலாவது நிலையென்றால் டேக் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு வேறு ஏதோ அதை அழித்திருக்கிறது. அந்த ஏதோ என்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். அலுவலகத்தில் இன்னொருவர் பல ஆவணங்களை ஒரே சொடுக்கில் மாற்றும் வசதியைப் பயன்படுத்தியிருப்பார். அல்லது ஒரு மின்னஞ்சலுக்குப் போடும் டேக் அதன் இணைப்புகளுக்கும் நகல்களுக்கும் தானாகப் பரவும்படி அமைப்பு வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஓர் இணைப்பைப் பார்த்து 'தொடர்பற்றது' என்று குறித்தபோது, அதே குடும்பத்தைச் சேர்ந்த தாய் மின்னஞ்சலும் சேர்ந்து மாறியிருக்கும். அல்லது ஒரே ஆவணத்தை இரண்டு டேப்களில் திறந்து வைத்திருந்து, பழைய டேப்பில் பிறகு சேமித்திருப்பீர்கள். அந்தப் பழைய நிலை புதியதன்மேல் எழுதிவிடும். மூன்றாவது பழக்கம் எனக்கே இருந்தது. ஒருமுறை, விடிந்தால் ஒப்படைக்க வேண்டிய ஒரு தொகுதியில் நாற்பது ஆவணங்களை நானே இப்படி அழித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரைச் சந்தேகித்தேன். வரலாற்றுப் பதிவில் என் பெயரே இருந்தது.

வரலாற்றில் உங்கள் பெயரே இல்லையென்றால், நீங்கள் சொடுக்கியது சர்வரைச் சென்றடையவே இல்லை. திரையில் கட்டத்தில் டிக் விழுந்தது உங்கள் கணினியின் பிரவுசரில் மட்டுமே நடந்த காரியம். குறிப்பிட்ட நேரம் அசைவில்லாமல் இருந்தால் லாகின் காலாவதியாகும்படி இத்தகைய தளங்களை அமைத்திருப்பார்கள். நீங்கள் ஒரு நீண்ட ஒப்பந்தத்தை அரைமணி நேரம் படித்துவிட்டு டேக் போடும்போது, வாசல் ஏற்கெனவே மூடியிருக்கக்கூடும். மின்தடையில் கணினி யுபிஎஸ்ஸில் நிற்க, ரவுட்டர் மட்டும் அணைந்து எழுவதும், இணையம் போனதென்று செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதும் அதே விளைவைத் தரலாம். இணைய முகவரி மாறினால் பாதுகாப்புக்காக இணைப்பைத் துண்டிக்கும் தளங்கள் உண்டு. ஆகவே ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். 'அடுத்தது' என்ற பொத்தானைத் தவிர்த்து 'சேமித்து அடுத்தது' என்பதையே அழுத்தப் பழகுங்கள். மதிய உணவுக்குப் பிறகு வேலையைத் தொடருமுன் ஒருமுறை பக்கத்தைப் புதுப்பியுங்கள். மாலையில் கிளம்பும் முன், இன்று நான் டேக் போட்டவை என்று ஒரு தேடலைச் சேமித்து வைத்து, அதன் எண்ணிக்கையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மறுநாள் காலை அந்த எண் ஒத்துவராதபோது உங்களைக் காப்பது அந்த நோட்டுப் புத்தகமே.

இனித் தமிழ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் செய்த மென்பொருளின் உதவி மையத்தில் இதை விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. ஆனால் அம்பத்தூர் நிறுவனத்தின் வழக்கில் முக்கியமான கடிதங்கள் தமிழில் இருக்கவே வாய்ப்பு அதிகம். லாரி ஓட்டுநர் கொடுத்த எழுத்துமூலமான விளக்கமும், கிடங்குக் கண்காணிப்பாளரின் குறிப்பும் ஆங்கிலத்தில் வருவதில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். தேடலில் வராத ஒரு தமிழ் ஆவணத்தைத் திறந்து, காட்சியிலிருந்து எழுத்து வடிவத்துக்கு மாறி, அங்கே ஒரு வரியை நகலெடுத்து, உங்கள் கணினியின் நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே விழுந்தால் அது யுனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விழுந்தால் அது பழைய எழுத்துரு. நகலெடுக்க எதுவுமே இல்லையென்றால் அது வெறும் படம். இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

பழைய எழுத்துருவை முதலில் பார்ப்போம். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த கடிதங்கள் நம் அலுவலகங்களிலும் டிடிபி மையங்களிலும் இன்னமும் நடமாடுகின்றன. தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் அடித்தவை மட்டுமல்ல, பின் அடித்தவையும் ஏராளம். பாமினியில் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. சிறிய எஃப் என்ற எழுத்து க-வாகவும், பெரிய எஃப் கு-வாகவும், அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியாகவும் தெரியும். தேடுபொறியோ பொதுவாகச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று பார்ப்பதில்லை; அரைப்புள்ளியை இடைவெளியாகவே கொள்ளும். ஆகவே அந்தக் கடிதத்தில் 'சரக்கு' என்று நீங்கள் கண்ணால் படிப்பது, தேடுபொறிக்கு இரண்டு துண்டாக உடைந்த ஒரு குப்பைச் சொல். நீங்கள் யுனிகோடில் 'சரக்கு' என்று அடித்தால் அது எப்படி அகப்படும்?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எழுத்துகளைக் குறியாக்க மாற்றி ஒன்றின் வழியாக யுனிகோடுக்கு மாற்றி, மறுபடி ஏற்றச் சொல்லலாம். அதைவிட எளிய வழி, காட்சியைப் படமாக்கி, அந்தப் படத்தின்மேல் தமிழுக்கான ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் வசதி) ஓட்டச் சொல்வது. படத்தில் தமிழ் உருவம் சரியாகத்தானே இருக்கிறது. ஓசிஆர் அந்த உருவத்தைப் பார்த்து யுனிகோடு எழுத்துகளைத் தரும். ஸ்கேன் செய்த கடிதங்களுக்கும் இதுவே வழி. ஓசிஆர் ஓட்டும்போது மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலம் மட்டும் வைத்து ஓட்டியிருந்தால், தமிழ்ப் பக்கத்திலிருந்தும் ஏதோ எழுத்துகள் வந்து நிற்கும். எழுத்து இருக்கிறது என்று மென்பொருள் திருப்தி அடைந்துவிடும். கையெழுத்துக் கடிதங்களுக்கு ஓசிஆரை நம்ப வேண்டாம். அவற்றைத் தனித் தொகுதியாக்கிக் கண்ணால் படிப்பதே வழி. அவசரத்தில் இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றித் தளங்களில் கட்சிக்காரரின் கடிதத்தை ஒட்டிவிடாதீர்கள். அது எந்த சர்வரில் தங்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. கட்சிக்காரரின் ஆவணங்களில் நீங்கள் அறிந்தவற்றை வெளியிடாமல் காக்கும் கடமையை பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு உங்கள்மேல் வைத்திருக்கிறது.

யுனிகோடாக இருந்தும் அகப்படாதவை இருக்கும். அவற்றுக்குக் காரணம் மென்பொருள் அன்று, தமிழின் இயல்பே. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடி, அதன் இறுதியில் உடுக்குறி (*) போட்டால் அப்படித் தொடங்கும் சொற்கள் எல்லாம் வரும் என்று பழகியிருக்கிறோம். தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. 'சரக்கு*' என்று தேடினால் சரக்குகள் வரும். சரக்கை, சரக்கில் ஆகியவை வரமாட்டா, ஏனெனில் அங்கே உகரம் போய்விட்டது. 'சரக்க*' என்று உகரக் குறியை விட்டுவிட்டுத் தேடுங்கள், எல்லாம் வரும். யுனிகோடில் உயிர்மெய் என்பது க, ச போன்ற அகர உருவத்தின் பின்னால் ஒரு குறியைச் சேர்ப்பதே ஆதலால், குறியை நீக்கிய வடிவம் அத்தனைக்கும் பொதுவாக அமைகிறது. புள்ளியும் அப்படியே ஒரு குறிதான். 'தாமதம்' என்று தேடினால் தாமதத்தால், தாமதமாக ஆகியவை தவறும். 'தாமத*' எல்லாவற்றையும் தரும். ஆனால் இதே உத்தியைப் 'பண*' என்று பயன்படுத்தினால் பணி, பண்டம், பண்ணினார் எல்லாம் படையெடுத்து வரும். அங்கே 'பணம*' என்றும் 'பணத்த*' என்றும் பிரித்து, இரண்டையும் 'அல்லது' போட்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் இப்படி உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் சீனியரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பட்டியலிலேயே ஆங்கில எழுத்தில் அடித்த தமிழுக்கும் இடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அவசர மின்னஞ்சலிலும் 'லோடு இன்னும் வரலை' என்பதை ஆளுக்கொரு விதமாக ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். சண்முகம் என்ற பெயரையே எத்தனை எழுத்துக்கூட்டலில் எழுதுகிறோம்! இதற்கு விதி ஏதும் இல்லை. நூறு செய்திகளைப் படித்துப் பார்த்து, அந்த நிறுவனத்தில் அடிக்கடி எழுதுபவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்வதே வழி. கடைசியாக, ஓசிஆர் ஓட்டிய பிறகோ புதிய கோப்புகளை ஏற்றிய பிறகோ தேடல் குறியீட்டை, அதாவது தேடுபொறி பார்க்கும் சொற்பட்டியலை, மறுபடி கட்டச் சொல்ல வேண்டும்; சில மென்பொருள்களில் அது தானாக நடக்காது. கட்டியதும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்க் கடிதத்தில் உள்ள சொல்லைத் தேடி, அது வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைத் தேடத் தொடங்குங்கள். அந்தக் கடிதமே வரவில்லையென்றால், குறியீட்டு அமைப்பு தமிழின் புள்ளியையும் குறிகளையும் எழுத்தாகக் கொள்கிறதா, சொல்லை உடைக்கும் இடைவெளியாகக் கொள்கிறதா என்ற கேள்வியை உதவி மையத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

22,000 கொடுத்து 16,000 தெரிவது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி திருட்டுப் போனதாக இராது. ஒரே மின்னஞ்சல் ஐந்து பேரின் பெட்டியில் இருந்தால், மென்பொருள் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போலக் கணக்கிடப்படும் எண்ணை) ஒப்பிட்டு ஒன்றை மட்டும் காட்டி, மற்ற நான்கை நகல் என்று ஒதுக்கிவிடும். ஜிப் உறைகளையும் உள்ளிருப்பவற்றோடு சேர்த்துக் கோப்பாக எண்ணி நீங்கள் கொடுத்திருப்பீர்கள். மென்பொருள் உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பவற்றை மட்டும் எண்ணும். இவற்றைவிட அற்பமான காரணமும் உண்டு. முந்தின நாள் பட்டியலின் தலைப்பில் போட்ட வடிகட்டி அப்படியே நின்றுகொண்டிருக்கும். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் முதலில் அதை நீக்கிப் பாருங்கள்.

இவை போக, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒரு சிறு கூட்டம் மிஞ்சும். ஏற்றும்போது திறக்க முடியாமல் போன கோப்புகள் அவை. அவற்றைப் பற்றிய விதிவிலக்கு அறிக்கை ஒன்றை மென்பொருள் தயாரித்திருக்கும். கேட்காவிட்டால் யாரும் அதைத் தரமாட்டார்கள். நம் ஊரில் அந்த அறிக்கையைத் திறந்தால் வரிசையாக நிற்பவை வங்கிக் கணக்கு அறிக்கைகள். வங்கிகள் பிறந்த தேதியையோ வாடிக்கையாளர் எண்ணையோ கடவுச்சொல்லாக வைத்து அனுப்பும் பிடிஎஃப்கள் இவை. பணம் எப்போது வந்தது என்ற கேள்வியும் எழக்கூடிய வழக்கில், வங்கி அறிக்கையே ஆய்வுக்கு வெளியே நின்றால் எப்படி? கட்சிக்காரரின் கணக்காளரிடம் கடவுச்சொற்களை வாங்கி, அவற்றைப் பட்டியலாக மென்பொருளில் கொடுத்து, அந்தக் கோப்புகளை மட்டும் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

தேதிப் பிசகுக்கு வருகிறேன். எந்த நேரத்து மின்னஞ்சல்களின் தேதி முந்துகிறது என்று பாருங்கள். நள்ளிரவுக்கும் விடியற்காலை 5.30 மணிக்கும் இடைப்பட்டவை மட்டும் பிசகினால், மென்பொருள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவது. காலை 9.30 அல்லது 10.30 வரை வந்த அலுவலக அஞ்சல்களும் முந்தின நாளில் விழுந்தால், அது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரம். கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அதோடு 03/04 என்பது அவர்களுக்கு மார்ச் நான்கு, நமக்கு ஏப்ரல் மூன்று. சரக்கு மார்ச் 31-க்குள் கிளம்ப வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்து, ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்குப் போன அஞ்சல் மார்ச் 31 இரவு 8.30 என்று தெரிந்தால், உங்கள் வாதமே தலைகீழாகிவிடும். ஏற்றும்போதே நேர மண்டலத்தை இந்திய நேரம் என்று வைத்திருக்க வேண்டும். இப்போது மாற்றினால் பயனர் அமைப்பில் காட்சி மட்டும் மாறுகிறதா, சேமித்த தேதிப்புலமும் மாறுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்றுமதி செய்யும் பட்டியலில் பழைய நேரமே வந்துவிடும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கட்சிக்காரரின் அலுவலகத்தில் யாரோ பழைய அஞ்சல்களை உங்களுக்கு ஃபார்வர்டு செய்து அனுப்பியிருந்தால், அட்டவணையில் ஏறுவது ஃபார்வர்டு செய்தவரின் பெயரும் அந்த நாளுமே. அத்தகையவற்றுக்கு மென்பொருளில் எந்தத் திருத்தமும் உதவாது. அஞ்சல் பெட்டியை முழுதாக ஏற்றுமதி செய்து, அதே கோப்பைப் பென்டிரைவில் தரச் சொல்லுங்கள்.

பக்கம் மெதுவாகத் திறப்பதற்கு மட்டும் கேஷை அழித்துப் பார்க்கலாம். மறைநிலைச் சாளரத்தில் அதே ஆவணம் வேகமாகத் திறந்தால் குற்றம் பிரவுசரில் சேர்த்து வைத்த நீட்சிகளுடையது; அங்கேயும் மெதுவென்றால் வேறு இணைப்பில் பாருங்கள்; மூன்று இடத்திலும் மெதுவாகவும், அதுவும் எக்செல் கோப்புகளில் மட்டும் மெதுவாகவும் இருந்தால், அது ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட தாளைப் படமாக்கும் சிரமம். அசல் கோப்பைப் பதிவிறக்கிப் பார்ப்பதே விரைவு. உதவி மையத்துக்கு எழுதும்போது ஆவண எண், இந்திய நேரம் என்று குறிப்பிட்ட மணி, பிரவுசரின் பதிப்பு, மறைநிலையில் என்ன ஆயிற்று என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால், மாத்திரைப் பதில் வராது. கட்சிக்காரரின் கடிதம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இணைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு மின்நகல் கொடுக்கும்போது வங்கிக் கணக்கு எண்களையும் வழக்கறிஞருக்கு எழுதிய வரிகளையும் கறுப்புப் பட்டையால் மறைப்பீர்கள். பட்டை விழுவது காட்சியின்மேல். அடியிலுள்ள எழுத்துகள் அப்படியே இருக்கலாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவரான பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் கறுப்பாக்கிய வரிகளை நகலெடுத்து ஒட்டியதும் எல்லோரும் படித்துவிட்டார்கள். ஏற்றுமதி செய்யும்போது பட்டை படத்தோடு பதிக்கப்பட்டு, எழுத்து வடிவம் அந்தப் படத்திலிருந்து புதிதாக ஓசிஆர் செய்யப்பட்டதா என்று பாருங்கள். பிறகு அதே நோட்பேடு சோதனை.

சீனியரின் யோசனையை நான் அடியோடு தள்ளமாட்டேன். வணிக வழக்குகளுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11, மின்பதிவுகளுக்கு அச்சுநகல் கொடுத்தாலே போதும் என்கிறது. நீதிமன்றத்தில் டைப் செட் எனும் அச்சிட்ட ஆவணத் தொகுப்பு இல்லாமல் வாதம் நடப்பதுமில்லை. ஆனால் அச்சிட வேண்டியது ஆய்வின் முடிவில் மிஞ்சும் சில நூறு ஆவணங்களை. தொடக்கத்தில் உள்ள 22,000-ஐ அன்று. அதே கட்டளையின்படி, கட்சிக்காரர் தன் வசமும் அதிகாரத்திலும் உள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும், தனக்குப் பாதகமானவை உட்பட, எதிருரையோடு (வழக்குக்குத் தரும் எழுத்துமூலப் பதிலோடு) வெளிப்படுத்தியதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தக் கடமை வழக்கு முடியும் வரை தொடரும். காகிதக் கட்டில் எது விடுபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. தேடிய சொற்கள், அவற்றின் எண்ணிக்கை, திறக்க முடியாத கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றைப் பதிவாக வைத்திருக்கும் மென்பொருளில் சொல்லலாம். சீனியரிடம் இந்த வாதத்தை வைத்துப் பாருங்கள். மின்பதிவு எப்போது, யாரால் உருவாக்கப்பட்டது, எப்போது பெறப்பட்டது, எப்போது அச்சிடப்பட்டது என்ற விவரங்களையும் சத்தியப் பிரமாணத்தில் எழுத வேண்டியிருப்பதால், மேலே சொன்ன நேர மண்டலச் சிக்கல் அங்கேயும் வந்து நிற்கும்.

சாட்சியத்துக்குப் போகும்போது அசல் மின்கோப்பே பேசும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இல்லாத இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். தரப்பினர் நிரப்பும் அ பகுதியோடு நிபுணர் நிரப்பும் ஆ பகுதியும் வேண்டும். மென்பொருளில் 'பிடிஎஃப்ஆகப் பதிவிறக்கு' என்று எடுத்தது அசல் அன்று. அதன் ஹாஷ் வேறு. 'அசல் வடிவில் பதிவிறக்கு' என்பதை எடுத்து, ஏற்றிய நாளில் மென்பொருள் கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பைக் கணக்கிட்ட முறை எம்டி5-ஆ, எஸ்எச்ஏ-256-ஆ என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். கட்சிக்காரருக்குச் சம்மன் வந்து சேர்ந்த நாளை மட்டும் எழுதவில்லை. எதிருரைக்கு 30 நாள். நீதிமன்ற அனுமதியோடு அதிகபட்சம் 120 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதிப்படுத்திவிட்டது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தமிழ் ஓசிஆருக்கும் கடவுச்சொல் கோப்புகளுக்கும் ஒரு வாரம் ஒதுக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடியாவிட்டால் ஸ்கேன் கடிதங்களைத் தனியே பிரித்து, நீங்களும் இன்னொரு ஜூனியரும் நாளைக் காலை முதல் கண்ணால் படிக்கத் தொடங்கிவிடுங்கள். ஓசிஆர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.